ரீஃப் டேங்க் தண்ணீருக்கு எத்தனை டிகிரி? எண்ணைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கத்திரி வெயிலைத் தாண்டுவது வரை

வீட்டில் பவளத் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை டிகிரி வைக்கணும்?" என்பதுதான். அதற்குப் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த எண்ணை இரவும் பகலும், மே மாதத்திலும், கரண்ட் போன அன்றும் பிடித்து நிறுத்துவதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். முதலில் சில்லர் (தண்ணீரைக் குளிரூட்டும் இயந்திரம்) வாங்கி, அப்புறம் எண்ணை யோசித்து, கடைசியில் தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுகிறார்கள். வரிசையே தலைகீழ்.

கீழே உள்ளது சென்னை மாதிரி கடலோர வெக்கை ஊரில், 200 லிட்டர் அளவு தொட்டியை மனதில் வைத்து எழுதியது. உங்கள் தொட்டி சிறியதோ பெரியதோ, கணக்குகளில் லிட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

இரண்டு தெர்மாமீட்டர், அவையும் வெவ்வேறு வகையாக. ஒன்று, குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் வகை. இன்னொன்று சாதாரணக் கண்ணாடிக் குழாய் வகை. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

உப்புத்தன்மை பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர். வெப்பநிலையோடு இதற்கென்ன வேலை என்று தோன்றும், ஃபேன் பகுதியில் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம், பேனா. ஃப்ரீசரில் மூடி இறுக்கிய நான்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். மின் இணைப்பில், கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். உப்புத் தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருக்கும் இடம் இது. எல்லா ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே இறங்கி ஏற வேண்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சில்லர், ஹீட்டர் இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

2. தெர்மாமீட்டரை நம்பும் முன் சோதித்துப் பாருங்கள்

கடையில் வாங்கிய தெர்மாமீட்டர் ஒரு டிகிரி தள்ளிக் காட்டுவது மிகச் சாதாரணம். ரீஃப் தொட்டியில் அந்த ஒரு டிகிரிதான் எல்லாம்.

சோதனை ஒன்று: ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர். நன்றாகக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு, ப்ரோபை (அளக்கும் முனையை) நடுவில் வையுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். தண்ணீர் அதிகம், ஐஸ் கொஞ்சம் என்றால் இந்தச் சோதனை செல்லாது.

சோதனை இரண்டு: நமக்கு வேண்டியது 26 டிகிரிப் பக்கம். 0-வில் சரியாக இருப்பது 26-இல் தவறலாம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும், அது தன் எல்லைக்குள் நல்ல துல்லியமானது. ஒரு ஃபிளாஸ்க்கில் 36, 37 டிகிரி வெதுவெதுப்பான நீர் எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்தால் நடுவில் எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம். வித்தியாசத்தை ஒரு துண்டு டேப்பில் எழுதித் தெர்மாமீட்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர் பாதி தண்ணீரையும் பாதி அறையையும் காட்டும். துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்புக் கருவியைப் பக்கவாட்டில் காட்டினால் அது அளப்பது கண்ணாடியை, தண்ணீரை அல்ல.

3. வெறும் தொட்டியை ஏழு நாள் அளந்து பாருங்கள்

உயிர் எதுவும் போடும் முன் செய்ய வேண்டியது இது. பாறை, உப்பு நீர், சம்ப்பிலிருந்து (கீழே அலமாரியில் இருக்கும் வடிகட்டும் தொட்டி) நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், விளக்கு என எல்லாம் வழக்கம்போல் ஓடட்டும். குளிரூட்டும் எதுவும் வேண்டாம்.

காலை 6, மதியம் 3, இரவு 10. மூன்று வேளையும் தண்ணீரையும் அறையையும் அளந்து எழுதுங்கள். ஏழு நாளில் உங்கள் வீட்டின் குணம் தெரிந்துவிடும். என் தொட்டியில் மார்ச் மாதம் அறை 31 இருக்கும்போது தண்ணீர் 32.4 காட்டியது. அறையைவிடத் தண்ணீர் சூடு! காரணம் பம்புகள். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் எத்தனை வாட் இழுக்கிறதோ, ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் சூடாகத் தண்ணீரிலேயே சேர்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 200 லிட்டர் கடல் நீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 800 கிலோஜூல் போதும். 60 வாட் பம்ப் ஒரு நாளில் 5,184 கிலோஜூல் தருகிறது. வெப்பம் எங்கும் வெளியேறாவிட்டால் ஒரே நாளில் ஆறு டிகிரிக்கு மேல் ஏறும். நல்லவேளையாக மேற்பரப்பும் கண்ணாடியும் அதில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுகின்றன.

அளவை எடுக்கும் மாதம் முக்கியம். டிசம்பரில் அளந்துவிட்டு "சில்லரே தேவையில்லை" என்று பவளம் வாங்கியவர்களை ஏப்ரலில் பார்த்திருக்கிறேன். குளிர் மாதத்தில் அளந்தால், தண்ணீர் அறையைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கோடையில் உங்கள் அறை தொடும் உச்சத்தோடு கூட்டிப் பாருங்கள்.

4. இப்போது எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 24 முதல் 27 டிகிரி. அமெரிக்க வழிகாட்டிகளில் வரும் 78 ஃபாரன்ஹீட் என்பது 25.6. நம் ஊருக்கு நான் சொல்வது 26.

"இயற்கைப் பவளப் பாறைகளில் தண்ணீர் 28, 29 இருக்கிறதே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் திறந்த கடலில் ஒரு டிகிரி ஏறப் பொதுவாக வாரங்கள் ஆகும். உங்கள் தொட்டியில் ஒரு மதியம் போதும். பவளம் தான் வாழும் இடத்தின் கோடை உச்சத்துக்கு மிக அருகிலேயே வாழ்கிற உயிர். வழக்கமான உச்ச மாதச் சராசரிக்கு மேல் ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே வெளிறல் தொடங்கிவிடும். பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி வெளியேறிப்போவதுதான் வெளிறல். மன்னார் வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் இது பெரிய அளவில் நடந்தது. 29-இல் தொட்டியை ஓட்டினால் ஃபேன் நின்ற அன்றே நீங்கள் விளிம்பில் நிற்பீர்கள். 26-இல் ஓட்டினால் தவற்றைக் கண்டுபிடிக்கச் சில மணி நேரம் கிடைக்கும்.

இரண்டாவது காரணம் ஆக்சிஜன். சாதாரணக் கடல் நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30-இல் 6.2 தான். அதே நேரம் சூடு ஏற ஏற மீனும் பாக்டீரியாவும் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். வரவு குறையும்போது செலவு ஏறுகிறது. கோடையில் விடியற்காலை மீன் சாகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இரவில் விளக்கில்லாமல் பாசியும் ஆக்சிஜன் தருவதில்லை.

அப்படியானால் 24 இன்னும் பாதுகாப்புதானே? எண்ணம் சரி, கரண்ட் பில் ஒத்துக்கொள்ளாது. அறை 34 இருக்கும்போது 24-ஐப் பிடிக்கச் சில்லர் ஓய்வே இல்லாமல் ஓடும். ஓய்வில்லாமல் ஓடும் இயந்திரம் சீக்கிரம் படுக்கும். அது படுத்த அன்று தண்ணீர் 24-இலிருந்து 31 வரை ஏறும். பவளத்துக்கு அந்த ஏழு டிகிரித் தாவல், 26-இலிருந்து ஏறுவதைவிடக் கொடுமை.

ஒரு நாளைக்குள் ஏற்ற இறக்கம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் போதும். 25.5-க்கும் 26.5-க்கும் இடையில் ஊசலாடுவதைப் பார்த்து யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

எந்த உயிர் என்பதும் கணக்கில் உண்டு. காளான் பவளம், சோயாந்தஸ், லெதர் என்ற மென்மையான பவள வகைகள் 27, 28 வரை பொறுத்துக்கொள்ளும். கிளைக் கல் பவளமான அக்ரோபோரா பொறுக்காது. சில உயிர்கள் வெப்பக்கடல் இனமே அல்ல: காட்டலினா கோபி என்ற அழகான சிவப்பு மீன் கலிஃபோர்னியாப் பக்கத்துக் குளிர்நீர் மீன், 26-இல் அதன் ஆயுள் குறைந்துபோகும். வாங்கும் முன் அந்த உயிரின் சொந்தக் கடல் எது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. "ராமேஸ்வரத்துக் கடலில் எடுத்தது" என்று யாராவது காட்டினால் விலை கேட்காமலே திரும்பி வந்துவிடுங்கள்.

5. குளிரூட்டும் முன் சூட்டைக் குறையுங்கள்

இதைச் செய்யாமல் சில்லர் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

மேற்குச் சுவர், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, சமையலறைச் சுவருக்கு மறுபக்கம், இவை மூன்றும் வேண்டாம். இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை அதைவிட மோசம். இரவு 24, பகல் 34 என்று அறையே ஊஞ்சல் ஆடும், தண்ணீரும் கூடவே ஆடும்.

பம்பை மாற்றுங்கள். பழைய ஏ.சி. (மாறுமின்சார) பம்ப் 60 வாட் இழுக்கும் இடத்தில் ஒரு டி.சி. (நேர்மின்சார) பம்ப் பாதி வாட்டில் அதே வேலையைச் செய்யும். கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். மீன் குதிக்காது, ஆவியும் வெளியேறும். சம்ப் இருக்கும் அலமாரியின் பின்பலகையைத் திறந்து வையுங்கள்.

விளக்கு நேரத்தைத் தள்ளிப் போடுவது காசில்லாத வைத்தியம். காலை 10 முதல் மாலை 6 வரை எரிப்பவர்கள் அதை மாலை 4 முதல் நள்ளிரவு வரை என்று மாற்றுங்கள். வெளிறல் சூட்டால் மட்டும் வருவதில்லை, சூடும் கடும் வெளிச்சமும் சேர்ந்து தாக்கும்போதுதான் அதிகம் வரும். இரண்டின் உச்சத்தையும் பிரித்து வைத்தால் பாதிப் பிரச்சினை குறையும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்து ரசிக்கவும் முடியும்.

6. ஃபேன்: எவ்வளவு முடியும், எங்கே நின்றுவிடும்

தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்றடித்தால் தண்ணீர் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்லும். மண்பானை வேலை செய்கிற அதே வித்தை. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் போகிறது. மேலே சொன்ன 800-ஆல் வகுத்தால் 200 லிட்டரில் மூன்று டிகிரி. வேறு எந்தக் கருவியும் இந்த விலைக்கு இவ்வளவு செய்யாது. ஆகவே முதலில் ஃபேன்தான்.

சம்ப்பின் மேல் ஒன்று, தொட்டியின் மேல் ஒன்று; காற்று தண்ணீரைச் சாய்வாக உரசிப் போகும்படி வையுங்கள். நேர் கீழ்நோக்கி வைத்தால் ஈரக்காற்று அங்கேயே சுற்றும், உப்புத் துளியும் தெறிக்கும். உலோகப் பாகம் குறைவான 12 வோல்ட் ஃபேனாகப் பாருங்கள், உப்புக் காற்றில் மற்றது துருப்பிடித்துத் தண்ணீரிலேயே உதிரும். கிளிப்பை மட்டும் நம்பாமல் ஒரு கயிற்றிலும் கட்டுங்கள்.

ஃபேனுக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தீர்மானிப்பது காற்றின் ஈரம். அறை 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், கணக்குப்படி 24 டிகிரி வரை குளிர வாய்ப்பிருக்கிறது. பம்பும் விளக்கும் சூடு ஏற்றிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் 28, 29-இல் நிற்கும். அறை 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் கணக்கின் அடிமட்டமே 28. அதற்குக் கீழே ஃபேனால் இறங்கவே முடியாது. சென்னையில் மே மாதம் மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் நமக்கு அப்பாடா என்றிருக்கும். ஃபேனுக்கு அப்போதுதான் திண்டாட்டம். மேற்குக் காற்று அடிக்கும் காய்ந்த மதியத்தில் நன்றாக வேலை செய்த அதே ஃபேன் மாலையில் கைவிரித்துவிடும்.

ஆக, மென்பவளமும் ஒன்றிரண்டு கோமாளி மீனும் மட்டும் என்றால் வருடத்தில் எட்டு மாதம் ஃபேனே போதும். ஏப்ரல் முதல் ஜூலை வரைக்கும் கல் பவளத்துக்கும் போதாது.

ரிஃப்ராக்டோமீட்டர் இங்கேதான் வருகிறது. ஃபேன் ஓடினால் என் தொட்டியில் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் போகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கும். 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) இருந்த உப்புத்தன்மை ஒரே நாளில் 35.7 ஆகிவிடும், மூன்று நாள் கவனிக்காவிட்டால் 37 தாண்டும். ஈடு செய்ய ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். உப்பு நீரை ஊற்றி உப்பை ஏற்றிக்கொண்டே போகும் புதியவர்களைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். மட்டம் பார்த்துத் தானே நிரப்பும் ஏ.டி.ஓ. கருவியை ஃபேனோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

7. சில்லர்: லிட்டரைப் பார்த்து வாங்காதீர்கள்

பெட்டியில் "300 லிட்டர் வரை" என்று போட்டிருப்பார்கள். எந்த அறை வெப்பத்தில் என்று சிறிய எழுத்தில்கூட இருக்காது. உங்கள் தேவையை நீங்களே அளந்துவிடலாம்.

கோடையில் ஒரு மதியம். ஐஸ் பாட்டில்கள் போட்டுத் தண்ணீரை 26-க்குக் கொண்டு வாருங்கள் (உயிர்கள் இன்னும் இல்லாததால் அவசரமாகச் செய்யலாம்). பாட்டில்களை எடுத்துவிட்டு, ஃபேனை நிறுத்தி, பம்பும் விளக்கும் ஓட, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். லிட்டர் × மணிக்கு ஏறிய டிகிரி × 1.1 = வாட். 200 லிட்டரில் மணிக்கு 0.8 ஏறினால் 176 வாட். சில்லரின் குளிரூட்டும் திறன் அதைப் போல இரு மடங்காவது இருக்கட்டும். அப்போதுதான் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஓய்வெடுக்கும்.

குளிரூட்டும் திறனும் அது இழுக்கும் மின்சாரமும் வேறு வேறு எண்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். 1/10 எச்.பி. (குதிரைத்திறன்), 1/4 எச்.பி. என்ற பெயர்களும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகின்றன. குளிரூட்டும் திறன் எத்தனை வாட் என்று கேளுங்கள். கடையில் பதில் தெரியாவிட்டால் விவரத்தாளைக் கேளுங்கள். கம்ப்ரஸர் இல்லாமல், கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு வைத்த பெல்டியர் வகைச் சின்னக் குளிரூட்டிகள் இருபது லிட்டர் தொட்டிக்கு மேல் பொம்மைதான்.

இந்தக் கணக்கு வேலை இழுத்துப்போகிறது என்றால், 200 லிட்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு 1/4 எச்.பி. என்று போங்கள். சிறியதை வாங்கி மே மாதம் மாற்றியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வைக்கும் இடம்: சில்லரை அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது தண்ணீரின் சூட்டை எடுத்து அறைக்குள் கொட்டுகிற இயந்திரம். அலமாரிக்குள் கொட்டினால் அந்தச் சூட்டையே திரும்ப இழுக்கும். நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி, முடிந்தால் பால்கனி. அதற்குள் ஓடும் தண்ணீரின் வேகம் கையேட்டில் உள்ள எல்லைக்குள் இருக்கட்டும். ரொம்ப மெதுவாகப் போனால் உள்ளே மட்டும் சில்லென்றாகி இயந்திரம் சட்டென்று நின்றுவிடும், தொட்டி குளிராது.

செலவு: 200 வாட் மின்சாரம் இழுக்கும் சில்லர் ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாத பில்லில் 120 யூனிட். அது உங்களை எந்தக் கட்டணப் படிக்குத் தள்ளும் என்று வாங்கும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். அப்புறம் பேசுவது கஷ்டம்.

8. ஹீட்டர்

சென்னையில் பெரும்பாலும் வேண்டாம். மார்கழி விடியலில் அறை 23-க்கு வந்தாலும் பம்பின் சூடே தண்ணீரை 25 பக்கம் நிறுத்திவிடும். ஏசி அறை, ஊட்டி, பெங்களூரு என்றால் வேண்டும். பெரியதாக ஒன்று வாங்குவதைவிட 50 வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஹீட்டர் கெடும்போது பெரும்பாலும் அணையாமல் சிக்கிக்கொண்டுதான் கெடும். 50 வாட் சிக்கினால் தொட்டி வேகாது, 200 வாட் சிக்கினால் ரசம்தான்.

9. கன்ட்ரோலர் அமைப்பது

கன்ட்ரோலர் என்பது தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்துச் சில்லரையும் ஹீட்டரையும் தானே ஓட்டி நிறுத்தும் கருவி. நம் ஊரில் பலரும் வைத்திருப்பது எஸ்.டி.சி. 1000 என்ற சின்னப் பெட்டி. அதில் நான்கு அமைப்புகள்தான். எஃப் 1-இல் 26.0. எஃப் 2-இல் 0.8, அதாவது 26.8 தொட்டால் சில்லர் ஓடத் தொடங்கி 26-இல் நிற்கும், 25.2-க்கு இறங்கினால் ஹீட்டர் எரிந்து 26-இல் அணையும். எஃப் 3-இல் 5 நிமிடம். நின்ற கம்ப்ரஸர் உடனே திரும்பக் கிளம்பினால் பழுதாகும், அந்த இடைவெளிதான் இது. எஃப் 4-இல், கன்ட்ரோலரின் ப்ரோபையும் இரண்டாம் பகுதியில் சொன்னபடி சோதித்தால் கிடைக்கும் வித்தியாசம்.

எஃப் 2-ஐ 0.3 என்று வைத்துப் பெருமைப்படுபவர்கள் உண்டு. தண்ணீர் நேர்கோடாகத் தெரியும்; சில்லர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கிச் சாகும்.

அதன் பின்பக்கத்தில் வீட்டு மின்சாரம் திறந்த திருகுகளில் வருகிறது. ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். கன்ட்ரோலரில் சில்லரை (ஹீட்டர் இருந்தால் அதையும்) இணையுங்கள், பம்பை வேண்டாம். சில்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் எப்போதும் ஓட வேண்டும்.

இப்போது ப்ரோப். என் கதையைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை சம்ப்பைச் சுத்தம் செய்தபோது ப்ரோபை எடுத்து அலமாரி விளிம்பில் தொங்கவிட்டேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். அலமாரிக் காற்று 32. கன்ட்ரோலர் அதைத் தண்ணீர் என்று நம்பி இரவு முழுக்கச் சில்லரை ஓட்டியது. காலையில் கண்ணாடியில் வெளிப்பக்கம் வியர்வை கோத்திருந்தது. முதலில் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் நினைத்தேன். கையை விட்டால் ஐஸ் மாதிரி இருந்தது, 21.3. லெதர் பவளம் சுருங்கி ஒரு வாரம் திறக்கவில்லை, ஒரு இறாலைக் காணவே காணோம்.

அதன் பிறகு மூன்று விஷயம் மாற்றினேன். ப்ரோபை சம்ப்பில் நீர்மட்டம் மாறாத அறையில், கையால் எடுக்க முடியாதபடி ஜிப் டை போட்டுக் கட்டினேன். ஆவியானால் மட்டம் இறங்குவது ரிட்டர்ன் பம்ப் அறையில்தான், அங்கே ப்ரோப் கூடாது. இரண்டாவது, சில்லரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை 25-இல் வைத்தேன். கன்ட்ரோலர் கிறுக்குப் பிடித்து ஓட்டினாலும் 25-க்குக் கீழே சில்லர் தானே நின்றுவிடும். அதேபோல ஹீட்டரின் சொந்தத் திருகு 26.5-இல். மூன்றாவது, குறைந்தபட்சம்-அதிகபட்சம் காட்டும் தெர்மாமீட்டரைத் தொட்டியின் முன்னால், கன்ட்ரோலரோடு சம்பந்தமே இல்லாமல் தனியாக மாட்டினேன்.

10. உயிர்கள் வந்த பிறகு

எண்ணை மாற்ற வேண்டியிருந்தால் ஒரு நாளைக்கு அரை டிகிரி. 28-இல் பழகிய தொட்டியைப் புதுச் சில்லர் வந்த சந்தோஷத்தில் அன்றே 26-க்கு இறக்காதீர்கள். நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

புது மீன் வந்த பையைத் தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும். கொளத்தூர் கடையிலிருந்து மதிய வெயிலில் பைக்கில் வந்த பை 33 இருக்கலாம், அளந்து பாருங்கள். மேலே விளக்கை அணைத்துவிடுங்கள், பை சின்னக் கண்ணாடி வீடு மாதிரி சூடேறும்.

தண்ணீர் மாற்றும்போது புது நீரும் 26-இல் இருக்கட்டும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் மே மாதம் கை வைக்க முடியாத சூடு. அதை ஆர்.ஓ. செய்து உடனே உப்புக் கலந்து ஊற்றினால் பத்து சதவீத மாற்றத்திலேயே தொட்டி ஒரு டிகிரி ஏறும். முந்தின இரவே பிடித்து மூடி வையுங்கள்.

11. திடீரென்று 31 காட்டினால்

வரிசை இது: விளக்கை அணையுங்கள். வேவ்மேக்கரை மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்புங்கள். முதலில் காப்பாற்ற வேண்டியது மூச்சை. ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். அன்றைக்குத் தீனி வேண்டாம். அப்புறம்தான் ஐஸ் பாட்டில்.

ஒரு லிட்டர் ஐஸ் உருகி 26-க்கு வர சுமார் 440 கிலோஜூல் எடுக்கும். 200 லிட்டரில் அரை டிகிரி. ஆகவே சம்ப்பில் ஒரு முறைக்கு ஒரு பாட்டில், அது உருகிய பின் அடுத்தது. மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். ஐஸ் கட்டியை நேரடியாகப் போடாதீர்கள், உப்புத்தன்மை இறங்கும், குழாய் நீரின் குளோரினும் சேரும்.

12. கரண்ட் போனால்

இன்வெர்ட்டரில் சில்லரை மாட்ட வேண்டாம். கிளம்பும் நொடியில் பலமடங்கு மின்சாரம் இழுக்கும், இன்வெர்ட்டர் விழுந்துவிடும். மாட்ட வேண்டியது ஒரே ஒரு வேவ்மேக்கர். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியின் கணக்கு 1,800 வாட்-மணி. பழசு, இழப்பு எல்லாம் போகப் பாதி என்று வைத்தாலும் 15 வாட் வேவ்மேக்கர் இரண்டு நாளுக்கு மேல் ஓடும், வீட்டு ஃபேனும் விளக்கும் அதே இன்வெர்ட்டரில் தொங்காதவரை. கூடவே பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வானிலை குளிர்ந்திருந்ததால் தண்ணீர் 25-ஐ விட்டு நகரவே இல்லை. அப்படியும் தெரிந்த ஒருவரின் தொட்டி மொத்தமும் போனது. நீரோட்டம் நின்றதுதான் காரணம்.

கரண்ட் திரும்பியதும் கன்ட்ரோலரும் சில்லரும் பழைய எண்ணையே காட்டுகின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

13. திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகள்

வெள்ளைப்புள்ளி நோய்க்குச் சூட்டை 30-க்கு ஏற்றுவது. நன்னீர் மீன் வளர்த்த பழக்கம் இது. கடல் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி வேறு உயிரி, அந்தச் சூட்டில் அது சாகாது. பவளம்தான் சாகும்.

ஊசி நகரும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் சூடான நீரை அளப்பது. சூடான நீரின் அடர்த்தி குறைவு, ஆகவே உப்பு குறைவாகக் காட்டும். அதை நம்பி உப்பு சேர்க்கிறார்கள்.

வெளிறிய பவளத்தைப் பார்த்ததும் "வெளிச்சம் போதவில்லை" என்று விளக்கைக் கூட்டுவது. செய்ய வேண்டியது நேர் எதிர்.

சில்லரின் தூசி வலையை மறப்பது. மார்ச் கடைசியில் ஒருமுறை கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, காயவைத்து மாட்டுங்கள். என்னுடையதில் போன வருடம் ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு. அதை எடுத்த அன்று சில்லர் ஓடும் நேரம் பாதியாகக் குறைந்தது. கத்திரி தொடங்கும் மே முதல் வாரத்துக்கு முன் இதை முடித்து, நோட்டில் தேதியை எழுதிவிடுங்கள்.